பிசிபிஏ சூப்பர்விஷன் பேக்கேஜ்: காசு கொடுத்து வாங்கலாமா?

டாலஸ் பக்கம் ஒரு ஆட்டிசம் கிளினிக்கில் ஆர்பிடியாக, அதாவது நிபுணர் எழுதும் திட்டப்படி குழந்தைகளோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பவளாக வேலை பார்க்கிறேன். அந்தத் திட்டத்தை எழுதும், சான்றிதழ் பெற்ற நடத்தை நிபுணர்தான் பிசிபிஏ. பிசிபிஏ ஆக மாஸ்டர்ஸ் படிப்பு மட்டும் போதாது, மேற்பார்வையில் பயிற்சி மணிகளும் சேர்க்க வேண்டும். அதற்காக ஆன்லைனில் ஒரு சூப்பர்விஷன் பேக்கேஜ் எடுத்தேன். மாதம் 450 டாலர். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இப்படி விற்பவர்கள் நிறையப் பேர். நான் பார்த்த ஒப்பந்தங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

வேலை பார்க்கும் கிளினிக்கிலேயே சூப்பர்விஷன் இலவசம்தானே என்று கேட்கலாம். சேரும்போது என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். கணக்கு எங்கே இடிக்கிறது என்றால், இப்போதைய விதிப்படி மொத்தம் 2000 மணி வேண்டும். அதில் குழந்தையோடு நேரடியாக உட்கார்ந்து செய்யும் வேலை 40 சதவீதத்துக்கு மேல் செல்லாது. மீதி 1200 மணி கிராஃப் படிப்பது, திட்டம் எழுதுவது, மதிப்பீடு செய்வது, பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது என்று பிசிபிஏ செய்கிற வேலையாக இருக்க வேண்டும். ஆர்பிடிக்கு அந்த வேலையை யார் கொடுப்பார்கள்? கிளினிக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸ் பணம் பெரும்பாலும் நேரடி சிகிச்சை மணிக்குத்தான் வருகிறது. நான் கிராஃப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சம்பளம் எங்கிருந்து வரும்?

பேக்கேஜ் எனக்குக் கொடுத்தது அந்த 1200 மணிக்கான வேலையைத்தான். எனக்குக் கிடைத்த சூப்பர்வைசர் கெட்டிக்காரர். எழுதும் வேலை ஆரம்பித்ததும் தரையில் விழுந்துவிடும் ஒரு பையனுக்குத் திட்டம் எழுதச் சொன்னார். 'அடம் பிடிக்கிறான்' என்ற மாதிரி வார்த்தைக்கெல்லாம் அவரிடம் இடமில்லை. 'முதுகோ இடுப்போ தரையில் பட்டு 3 விநாடிக்கு மேல் இருந்தால் ஒரு முறை' என்று எழுத வேண்டும். அப்போதுதான் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினாலும் ஒரே எண் வரும். அப்புறம் விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது, விழுந்த பிறகு என்ன கிடைத்தது என்று பக்கத்தில் இரண்டு கட்டம். பெரும்பாலான வரிகளில் விழுந்ததும் நோட்டை எடுத்துவிட்டார்கள். ஆக, விழுந்தால் எழுத வேண்டாம் என்று பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். அதனால் 'பிரேக்' அட்டையைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொடுத்து, கேட்டவுடன் பிரேக் கொடுப்பதுதான் திட்டத்தின் முதல் படி. இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன்தான். ஆனால் வரிக்கு வரி கமென்ட் போட்டு ஃபைல் திரும்பி வந்தபோதுதான் கைக்கு வந்தது. ("பிள்ளைங்களோட விளையாடுற வேலைதானே, அதுக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?" என்று கேட்ட என் மாமியாரிடம் அந்த ஃபைலைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடப் போனவர் திரும்பி வரவில்லை.)

இனி குறைகள். விற்கும்போது சொல்லாத பெரிய விஷயம் ஒன்று: குழந்தையோடு நான் வேலை செய்வதைச் சூப்பர்வைசர் மாதம் ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். வெளியாள் ஜூமில் பார்ப்பதற்குக் கிளினிக்கும் பெற்றோரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அதை வாங்குவது முழுக்க நம் தலையில்தான். எங்கள் கிளினிக் இழுத்தடித்துத்தான் சம்மதித்தது. அதுவரை சந்தா மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவது, குரூப் மீட்டிங். மாதம் 100 மணி வேலை என்றால் 5 சதவீதம், அதாவது 5 மணி மேற்பார்வை வேண்டும். அதில் பாதி வரை குரூப்பாக இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. இவர்கள் அந்தப் பாதியை ஒரு நிமிடம் விடாமல் குரூப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே பத்துப் பேரில் இரண்டு பேர்தான் பேசுவார்கள். சரி, விதிமீறல் இல்லை. ஆனால் காசுக்கு ஏற்ற சரக்கும் இல்லை.

மூன்றாவது, கையெழுத்து. ஒவ்வொரு மாதப் படிவத்திலும் அடுத்த மாதக் கடைசிக்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும், தவறினால் அந்த மாத மணிகள் போச்சு. நடுவில் என் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். அந்த மாதப் படிவம் கடைசி நாள் மாலைதான் வந்தது. இப்போது மாதம் முடிந்த அன்றே கேட்டுவிடுகிறேன், கையோடு ஒரு நகலும் எடுத்து வைக்கிறேன். எப்படியும் 7 வருடம் ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

பிசிபிஏ தேர்வுக்கான 185 கேள்வி மாதிரித் தேர்வு இலவசம் என்கிறார்கள். சுமார் ரகம். மனப்பாடக் கேள்விகள்தான் அதிகம்.

கிளினிக் சம்மதம் கையில் இருந்தால் இந்த பேக்கேஜுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், இல்லாவிட்டால் இரண்டு. தேர்வில் தேறிய பிறகும் டெக்சஸில் மாநில உரிமம் தனியாக எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

சென்னையிலிருந்து கேட்கும் தோழிகளுக்கு: வாங்காதீர்கள். பிசிபிஏ சான்றிதழ் கொடுக்கும் அமைப்பான பிஏசிபி, 2023 ஜனவரி முதல் அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளில் வசிப்பவர்களுக்குத்தான் புதிதாகச் சான்றிதழ் கொடுக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு மணி சேர்த்தால் தேர்வுக்கே உட்கார முடியாது. இதே துறையில் வேறு அமைப்புகள் கொடுக்கும் ஐபிஏஓ, க்யூஏபிஏ சான்றிதழ்களைப் பாருங்கள். ஸ்பெஷல் எஜுகேஷன் பக்கம் போவதென்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள படிப்புகள், முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான என்ஐஇபிஎம்டியிலேயே இருக்கின்றன. பேக்கேஜ் விற்பவர்களோ விலையை இன்னும் ரூபாயிலும் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.