ஹனோயில் ஒபாமா சாப்பிட்ட கடை

வியட்நாம் தலைநகர் ஹனோயில், லே வான் ஹூ தெருவில் இருக்கிற ‘புன் சா ஹுவாங் லியென்’ கடைக்கு நல்ல பசியோடு போங்கள். கரியில் சுட்ட பன்றி இறைச்சி, மீன் சாஸ் கலந்த புளிப்பும் இனிப்புமான சாற்றில் மிதந்து வருகிறது. அரிசி நூடுல்ஸை அதில் நனைத்து, பச்சை இலைகளோடு வாயில் போட்டேன். புகை மணம் நாக்கிலேயே நின்றது.

2016 மே மாதம் ஒபாமா உட்கார்ந்த மேசையைக் கண்ணாடிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1972 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்கா குண்டு போட்ட ஊர் இது! 1994-ல் வியட்நாம் மீதிருந்த வர்த்தகத் தடையை அமெரிக்கர்கள் நீக்கினார்கள், அடுத்த வருடம் தூதரக உறவு, அப்புறம் அதே 2016 பயணத்தில் ஆயுத விற்பனைத் தடையும் போனது. கொள்கை மாறினால் பகை குறையும் என்று நான் நம்புவது இந்த மேசையைப் பார்த்துத்தான்.

‘ஒபாமா காம்போ’ கேளுங்கள். கடல் உணவு ரோலும் ஹனோய் பீரும் சேர்ந்து வரும்.