தூக்கத்தில் சிறுநீர் கசியும் பெண் நாய்: எந்த மருந்து?
கருத்தடை செய்த பெண் நாய் படுத்த இடம் ஈரமாக இருந்தால் திட்டாதீர்கள், பாவம், அது தெரிந்து செய்வதில்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இல்லையென்றால் மருத்துவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வார்.

ஃபீனைல்புரோபனோலமைன் சிறுநீர்த் தாரையின் சுருக்குத் தசையை இறுக்கும். தினமும் இரண்டு மூன்று வேளை தவறாமல் தர வேண்டும். இரத்த அழுத்தம் ஏறலாம். அதனால் இதய நோயுள்ள நாய்க்கு மிகுந்த கவனம் தேவை.

எஸ்ட்ரியால், கருத்தடைக்குப் பின் குறைந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஈடுகட்டும் மாத்திரை. தினமும் ஒரு வேளை தந்தால் போதும். வழக்கமாக 2 மி.கி.யில் தொடங்கி, கசிவு நின்றதும் மெல்லக் குறைப்பார்கள். அப்புறம் சில நாய்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறப்புறுப்பு வீங்கலாம், ஆண் நாய்கள் சுற்றிவரலாம். பகலில் ஆளில்லாத வீட்டுக்கு இதுவே தோது என்பேன்.