கண்ணாடி மூடி போட்ட கோஹிபா சுருட்டுப் பெட்டியை யாரும் வாங்காதீர்கள்: என் 42,000 ரூபாய் போனது இப்படித்தான்

கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். அடங்கவில்லை. அதற்குள் இன்னொருவர் அந்தக் கடையில் ஏறிவிடக் கூடாது என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை என் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். 1980-களில் அவருடைய கப்பல் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் நின்றபோது சீஃப் இன்ஜினியர் கொடுத்த ஒரு கோஹிபாவை, அந்த நாட்டு உயர்ரகச் சுருட்டை, பற்றி இன்றைக்கும் பேசுவார். சொந்த ஊர் உறையூர், சுருட்டுக்குப் பெயர்போன இடம். ஆங்கிலக்காரனின் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். அவருடைய அப்பாவும் அங்கே சுருட்டு சுருட்டியவர். இப்போது மாமா மாதத்துக்கு ஒன்று, மொட்டை மாடியில், சாயங்காலம். அவ்வளவுதான். அவருக்கு ஒரு பெட்டி நிஜமான கோஹிபா வாங்கித் தர வேண்டும் என்பது எனக்கு நான்கு வருட ஆசை.

கடை சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் சாக்லேட், சென்ட், சுருட்டு எல்லாம் விற்கும் சின்னக் கடை, ஏசி போட்டது. பெயரை எழுதவில்லை. அங்கே இருந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். எடுத்தவுடன் பெட்டியைக் காட்டவில்லை, யாருக்கு என்று கேட்டான். மாமனாருக்கு என்றதும், "அப்போ நான் சாதா சரக்கு காட்ட மாட்டேன் அண்ணா, பெரியவங்க விஷயம்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். நான் விழுந்தது அந்த வார்த்தையில்தான். என் அப்பா இல்லை, மாமாதான் எனக்கு எல்லாம். பெரியவங்க விஷயம் என்று ஒருவன் சொன்னால் நான் அதற்கு மேல் என்ன யோசிப்பேன்?

மூடி கண்ணாடி. உள்ளே 25 ரொபஸ்டோ, அதாவது குட்டையாகத் தடித்த வகைச் சுருட்டு, வரிசையாக. திறந்தால் தேவதாரு வாசனை. முன்பக்கம் பச்சை முத்திரைச் சீட்டு, அதில் ஹாலோகிராம், பார்கோடு. "செக் பண்ணிக்கோங்க அண்ணா" என்று அவன் போனை நீட்டினான். திரையில் பச்சை டிக் போட்டு 'அசல்' என்று வந்திருந்தது. அவன் போன், அவன் திறந்த பக்கம். என் போனில் நான் பார்க்கவில்லை. 45,000 சொன்னான், 42,000-க்கு முடித்தோம். பில் கேட்டேன். "பில் போட்டா வரி ஏறிடும் அண்ணா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றான். சரி என்று யூபிஐயில் 42,000 ரூபாய் அனுப்பினேன்.

வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்க மாமா பெட்டியை வாங்கினார். கண்ணாடி மூடியைப் பார்த்ததுமே முகம் ஒரு மாதிரி ஆனது, ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். நடுவில் கல் மாதிரி ஓர் இடம், அடுத்து பொக்கென்று ஓர் இடம். சுருட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதப் பட்டையில், அதான் பேண்டில், கறுப்பின் மேல் வெள்ளைச் சதுரங்கள் இருக்கும் இல்லையா, மேல் வரிசைச் சதுரங்கள் பாதியில் அறுபட்டிருந்தன. பத்த வைத்தார். இரண்டு இழுப்பு. இருமல் வந்தது, கீழே வைத்துவிட்டார். "வெங்காயச் சருகைக் கொளுத்தின மாதிரி இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு, "பரவாயில்ல, நீங்க ஆசையா வாங்கினீங்கல்ல, அது போதும்" என்றார். அந்தப் பரவாயில்லதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பிளேடால் ஒன்றை நீளவாக்கில் கீறிக் காட்டினார். நல்ல ஹவானா சுருட்டில் உள்ளே இலைகள் நுனியிலிருந்து அடிவரை முழுசாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். கோஹிபாவுக்கு உள்ளிலையில் ஒரு பகுதியை மற்றதைவிட ஒரு தடவை கூடுதலாகப் புளிக்க வைப்பார்கள் என்றும் சொன்னார். இதில் என்ன இருந்தது தெரியுமா? நறுக்கிய தூள், குச்சி குச்சியாகக் காம்பு, ஒரு சின்னக் காகிதத் துண்டு. செய்தித்தாளின் மேல் கொட்டினோம், மூக்குப்பொடி மாதிரி குவிந்தது. இன்னும் மூன்றைக் கீறினோம், மூன்றும் அப்படித்தான். 42,000 ரூபாய்க்குக் காம்பும் காகிதமும்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் 'ஹபானோஸ் எஸ்.ஏ.' (கியூபா சுருட்டுகளை விற்கும் நிறுவனம்), 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது), 'டோட்டால்மெண்டே ஆ மானோ' (முழுக்கக் கையால் செய்தது) என்ற வரிகள் சூடு போட்ட மாதிரி மரத்தில் பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும். இதில் மையால் அச்சடித்திருந்தார்கள், விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் வருடமும் மையில் இருக்கும், அது சரி. ஆனால் மாதம் ஸ்பானிய மொழியில் வரும். ஜனவரி என்றால் 'எனேரோ' (Enero), அதன் முதல் மூன்று எழுத்தான ENE. இந்தப் பெட்டியில் இருந்தது ஆங்கில ஜனவரி.

திங்கட்கிழமை போன் செய்தேன். "ஏசி ரூம்ல வச்சிருப்பீங்க, ஈரம் போயிருக்கும்" என்றான். ஈரம் போனால் இலை தூளாகிக் காகிதமாகவா மாறும்? நேரில் போனேன். அண்ணா போய் சார் ஆனது. "திறந்த பெட்டியை எடுக்க மாட்டோம் சார்." திறக்காமல் எப்படித் தெரியும் என்றால், "ஓனர் துபாயில இருக்கார், வந்ததும் பேசுங்க." ஓனர் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கீறிய சுருட்டின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. நேற்றிலிருந்து என் செய்தியே போகவில்லை, பிளாக் செய்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது 42,000 ரூபாய்க்கான யூபிஐ ரசீது மட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. பார்த்தவுடன் வெளியே வந்துவிடுங்கள். முத்திரைச் சீட்டின் பார்கோடு எண்ணை உங்கள் போனில், ஹபானோஸ் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். 2010-க்குப் பிறகு வந்த சீட்டுகளில் அந்த வசதி இருக்கிறது. பெட்டியில் சுருட்டுகள் ஒரே நிறச் சாயலில், இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பேண்டுகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். என் பெட்டியில் ஒன்று மேலே, ஒன்று கீழே.

இந்தியாவில் முறையாக விற்கும் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும், இறக்குமதி செய்தவர் முகவரியும், எம்ஆர்பியும் இருக்க வேண்டும். இதில் மூன்றும் இல்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

விலை. 2022-ல் கோஹிபா விலையை உலகம் முழுக்க ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கேயும் 25 ரொபஸ்டோ 42,000 ரூபாய்க்குக் கிடைக்காது. ஹவானாவிலேயே தெருவில் "என் மச்சான் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்" என்று பாதி விலைக்கு நீட்டுவார்களாம், அதுவும் போலிதான் என்று மாமா சொல்கிறார்.

பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மீதி 20 சுருட்டும் பெட்டியும் சாட்சிக்காக என் பீரோவில் இருக்கின்றன. நாளைக் காலை காவல் நிலையத்துக்கு எடுத்துப் போகிறேன். மாமாவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.