சுங்கை சிப்புட் மேஜர் சாரின் செய்தி வகுப்பு: மூன்று மாதம் போய் வந்த அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம் சுங்கை சிப்புட்டில், சனிக்கிழமை காலையில் பழைய கடைவரிசை மாடியில் நடக்கிறதே, தமிழில் செய்தி எழுதும் வகுப்பு, அதற்குப் போகலாமா என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று மாதம், பன்னிரண்டு வகுப்பு, மொத்தம் 150 வெள்ளி (ரிங்கிட்). போங்கள். எனக்குச் சில குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, ஊருக்கெல்லாம் மேஜர் சார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தில், லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்தவர். இளவயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, கிரிக் பக்கம் தாய்லாந்து எல்லைக் காட்டில் பல வருடம் ரோந்து போயிருக்கிறார். 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹட்யாயில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோடு சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் இன்னும் சீருடையில்தான் இருந்தாராம். ஓய்வுக்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியர் வேலை, அப்புறம் ஒரு கல்லூரியில் இதழியல் ஆசிரியர். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

முதல் நாள் தலைப்பு, முன்னுரை என்று ஏதாவது சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் சொல்லிக்கொடுத்தது ரோந்து அறிக்கை. எத்தனை பேர், என்ன செய்துகொண்டிருந்தார்கள், எங்கே, எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு, கையில் என்ன இருந்தது. ராணுவ வரைபடத்தில் ஆறு இலக்க எண் கொடுத்தால் இடம் 100 மீட்டருக்குள் வந்துவிடும் என்று பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார். "தோட்டத்துக்குப் பக்கத்திலேன்னு எழுதாதே தம்பி, பெரட்டுக்களத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு எழுது" என்றார். பெரட்டுக்களம் என்றால் காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடும் இடம். பிறகு நோட்டுப் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. மூன்றாவது பத்தியில் இருப்பது செய்திக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். காட்டில் ஒருவன் நினைத்ததைப் பார்த்ததாகச் சொன்னால் பின்னால் வருகிற படை அதை நம்பித்தான் நடக்கும் என்று அவர் சொன்னபோது வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

நான் ஏன் சேர்ந்தேன் என்றால், எங்கள் பழைய தோட்டத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது நான் எழுதி அனுப்பிய செய்தி ஒரு பத்திரிகையில் தோட்டத்தின் பெயரே தப்பாக வந்தது. அந்தக் கோபத்தோடு சாரிடம் காட்டினேன். அவர் பெயரைப் பார்க்கவில்லை, "நூற்றுக்கணக்கான குடும்பங்கள்" என்று நான் எழுதியதில் பென்சிலை வைத்து, "எண்ணினியா?" என்றார். எண்ணவில்லை. மறுநாள் ஞாயிறு, போய்க் கதவு கதவாக எண்ணினேன். 34 வீடு, அதில் மூன்று பூட்டிக் கிடந்தது. எண்ணப் போன இடத்தில்தான் ஒரு பாட்டி சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி அது எந்த வருடம் கட்டியது, யார் யார் மண் சுமந்தார்கள் என்று சொன்னார். 34 என்று எழுதிய செய்திக்கு வலு கூடியதே தவிரக் குறையவில்லை. இந்த ஒன்றுக்காகவே 150 வெள்ளி தகும்.

ஏழாவது வாரம் எல்ஃபில் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனார். 1948 ஜூன் 16, காலை 8.30 மணி வாக்கில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் மூன்று பேர் சைக்கிளில் வந்து தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றது அங்கேதான். சிறிது நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரண்டு துரைமார் (வெள்ளைக்கார நிர்வாகிகள்) கொல்லப்பட்டார்கள், அதையடுத்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நம் ஊரிலிருந்து கிளம்பியது இது, நம்மில் பாதிப் பேருக்குத் தேதி தெரியாது. அன்றைய நிருபராக நின்று எழுதச் சொன்னார். எல்லோரும் துரைமாரைப் பற்றி எழுதினோம். படித்துவிட்டு, "அன்னிக்குக் காலையில மரம் வெட்டப் போன நம்ம ஆளுங்க எங்கே?" என்று கேட்டார். அவசரகாலத்தில் இருந்த கம்பி வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு எல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து அடுத்த வாரம் மறுபடி எழுதினோம். பட்டாளத்தில் இருந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, குறைகள். சட்டத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார். 1984 அச்சகச் சட்டம், பத்திரிகைகள் வருடா வருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த நிலை 2012-இல் மாறியது, இதெல்லாம் நன்றாகச் சொன்னார். ஆனால் பேஸ்புக்கில் எழுதுகிற நம்மைப் போன்றவர்களைப் பிடிப்பது இணையத்தில் புண்படுத்தும், பொய்யான பதிவு போடுவதைக் குற்றமாக்கும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு, அதற்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். கைப்பேசியில் வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது எதுவும் கிடையாது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார், 8.02-க்கு வந்தாலும் படிக்கட்டில்தான். தூரத் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸை நம்பி வந்த ஒரு தங்கச்சி இரண்டு முறை அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை, சாரிடமே சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு மட்டும் 8.15 என்று பலகையில் எழுதிப் போட்டார்.

கோயில் நிர்வாகத்தில், பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் செய்தி எழுதுகிறவர்கள் கட்டாயம் போகலாம். கவிதை நடையில் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், அவர் உரிச்சொல்லையெல்லாம் அடித்துவிடுவார். அடுத்த அணி தைப்பூசம் கழிந்து தொடங்குகிறது, இருபது பேருக்குத்தான் இடம். பேனா வேண்டாம், மழையில் அழியாத பென்சில் இரண்டு கொண்டு போங்கள்.