பழைய ஸ்பானர்களோடு பல வருஷம்: மதுரையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

பழைய ஸ்பானர் வாங்கப் போனால் துருவைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். துருவை எடுத்துவிடலாம். விரிந்த வாயை ஒன்றும் செய்ய முடியாது. மதுரையின் பழைய இரும்புக் கடைகளில் பல வருஷமாக ஸ்பானர், குறடு, சுத்தியல் என்று பொறுக்கி வந்து சுத்தம் செய்து, அவற்றை வைத்தே என் பழைய புல்லட்டையும் சோழவந்தானில் மச்சான் தோட்டத்து ஆயில் இன்ஜினையும் பார்த்து வருகிறேன். அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்குவதில்லை. நட்டில் மாட்டித் திருகினால் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இந்த ஊரில் இவை கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கிய ஊர் இது. பஸ், லாரி, ஒர்க்‌ஷாப் என்று தலைமுறை தலைமுறையாக மெக்கானிக்குகள் உருவானார்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஹார்வி மில், அதில் இங்கிலாந்து மெஷின்கள். சுற்று வட்டாரக் கிணறுகளில் ஆயில் இன்ஜின்கள். அப்புறம் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது, மில்கள் பலவும் மூடின, பெரியவர்கள் தொழிலை விட்டார்கள். அவர்களுடைய ஸ்பானர் பெட்டிகள் அப்படியே எடைக்குப் போயின. நல்ல ஜெர்மன் இரும்பும் உடைந்த கிரில் கம்பியும் ஒரே குவியலில் கிடக்கும்.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் சில புது நட்டுகள் போட்டுக்கொண்டு போவேன். ஸ்பானர் வாயில் நட்டை வைத்து ஆட்டிப் பார்த்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்: இரண்டு தாடையும் நேருக்கு நேர் நிற்கிறதா, நுனியில் விரிந்திருக்கிறதா. நட்டைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும் ரிங் ஸ்பானரில் உள்பல்லின் முனை மழுங்கியிருந்தால் வேண்டாம். கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பானர் என்றால் திருகு உருளையைப் பிடித்துக்கொண்டு நகரும் தாடையை அசைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை, லொடலொடவென்று ஆடினால் நட்டின் மூலையைத் தின்றுவிடும்.

அளவு விஷயத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். பழைய இங்கிலீஷ் ஸ்பானர்களில் டபிள்யூ என்று போட்டிருப்பது விட்வொர்த் அளவு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரை (திருகுப் புரி) கணக்கிலிருந்து வந்தது. அதில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் குறுக்களவு, நட்டின் அகலம் அல்ல. ஏ.எஃப் என்று போட்டிருந்தால் நேராக நட்டின் அகலம். அதனால் இரண்டிலும் 1/2 என்று இருந்தாலும், ஏ.எஃப் ஸ்பானரின் வாய் 12.7 மி.மீ., விட்வொர்த் ஸ்பானரின் வாய் 23 மி.மீ.க்கு மேல். பட்டறையில் ‘நாலு நூல் எடு’ (அதாவது 1/2 இன்ச்) என்றால் எந்த நாலு நூல் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1/4 டபிள்யூ ஸ்பானரின் வாய் ஏறத்தாழ 13.3 மி.மீ. 13 ஸ்பானர் அந்த நட்டில் ஏறாது, 14 போட்டால் வழுக்கும். பழைய புல்லட்டுகளில் மூலை மழுங்கிய நட்டு இத்தனை இருப்பதற்கு இந்த 14 ஸ்பானர்தான் முக்கியமான காரணம் என்பது என் கருத்து. சரியான விட்வொர்த் செட் ஒன்று கைக்கு வந்தபிறகு என் வண்டியில் ஒரு நட்டும் கெடவில்லை. இத்தனை வருஷப் பயன்பாட்டில் நான் கண்ட பெரிய லாபம் இதுதான்.

கம்பெனி வாரியாகச் சொன்னால், ரிங் ஸ்பானரில் என் கைக்கு முதலிடம் ஜெடோர். ஜெர்மனியில் ரெம்ஷைட் ஊரில் டோவிடாட் சகோதரர்கள் 1919-இல் தொடங்கியது. ரிங்கின் சுவர் மெல்லிசு, இடுக்கில் நுழையும், ஆனால் விரியாது. கிங் டிக் இங்கிலாந்தின் பர்மிங்காம் சரக்கு. கனமாக இருக்கும், இன்ஜின் அடித்தள போல்ட்டுக்கு அந்தக் கனம் நல்லது, புல்லட் இடுக்குகளுக்கு ஒத்துவராது. ஸ்க்ரூ ஸ்பானரில் ஸ்வீடனின் பாக்கோ. அதைத் தொடங்கிய ஜோஹன்சன் 1892-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. நம் நாட்டு டாப்பாரியாவும் பாக்கோவின் தொழில்நுட்பக் கூட்டோடு நாசிக்கில் தொடங்கியதுதான். பழைய டாப்பாரியா குறடு கிடைத்தால் யோசிக்காமல் எடுப்பேன்.

இனி துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, எலுமிச்சை உப்பில் ஊறவைப்பது, கரண்ட் முறை மூன்றும் செய்து பார்த்ததில் கனத்த துருவுக்குக் கரண்ட் முறைதான். பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய டிரான்ஸ்பார்மர் வகை 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். பேட்டரி மாட்டினால்தான் கரண்ட் விடும் புது சார்ஜர்கள் ஆகாது. மைனஸில் ஸ்பானர், பிளஸ்ஸில் கட்டடக் கம்பித் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் ஸ்பானரைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், தண்ணீர் மேல் செங்காவி நுரை கட்டும். மறுநாள் காலையில் ஸ்விட்சை அணைத்துவிட்டு எடுத்தால் துரு இருந்த இடமெல்லாம் கறுப்புக் களிம்பாக நிற்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்க முதலில் அளவு எண், பிறகு கம்பெனிப் பெயர், கடைசியில் யாரோ ஒரு மெக்கானிக் உளியால் கொத்தி வைத்த தன் இனிஷியல். அந்த நேரத்துச் சந்தோஷத்துக்காகவே இன்னும் நாலு ஸ்பானர் வாங்கலாம்.

இதில் கவனம் வேண்டும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் போடவே கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் கலக்கும். வெளிவருவது ஹைட்ரஜன், அதனால் மொட்டைமாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோதான் செய்வேன், பக்கத்தில் நெருப்பு கிடையாது. குரோம் பூச்சு உரிந்துகொண்டிருக்கும் ஸ்பானரை இதில் போட்டால் மிச்சப் பூச்சும் கழன்று வரும்; அதற்கு மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போதும். ராட்செட்டைப் பிரித்துக் கழுவி, உள்ளே மெல்லிய எண்ணெய் விடுங்கள். கெட்டி கிரீஸ் அடைத்தால், ஒரு பக்கம் மட்டும் திரும்ப விடும் நாய்ப்பல் ஒட்டிக்கொண்டு நழுவும்.

எங்கே நிறுத்துவது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. துரு போய், எழுத்து தெரிந்து, கையில் பிசிறு குத்தாமல் இருந்தால் வேலை முடிந்தது. புதூர் பக்கம் டீசல் வேலை பார்த்த ஒரு பெரியவர் தன் பெட்டியை எனக்குக் கொடுக்கும்போது சொன்னார்: “வெள்ளையா ஆக்கிராதப்பா, எண்ணெய்க் கையில வழுக்கும்.” உண்மைதான். பாலிஷ் பட்டறை ஒன்றில் கொடுத்த ரிங் ஸ்பானர் பளபளவென்று வந்தது, ஆனால் சாணையில் பெயரும் போய் ரிங் சுவரும் தேய்ந்திருந்தது. சாணைச் சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்தால் அதன் கடினமும் போய்விடும். அதேபோல, ஏதோ ஒரு இடுக்குக்காக யாரோ சூடுகாட்டி வளைத்த ஸ்பானர் கிடைத்தால் நிமிர்த்தாதீர்கள். அந்த வளைவு ஒரு தொழிலாளியின் யோசனை, என்றைக்காவது அதே இடுக்கு உங்களுக்கும் வரும்.

பராமரிப்பில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. தேங்காய் எண்ணெய் தடவியவை நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்தன. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்தவை அடுத்த மழைக்கும் சுத்தமாக இருக்கின்றன. சாக்கில் சுற்றி வைக்க வேண்டாம், ஈரத்தை இழுக்கும். சுத்தியல் பிடிக்குக் கருவேலங்கட்டை, நன்றாகக் காய்ந்ததாக.

பழையதில் வாங்கக் கூடாதவையும் உண்டு. இவ்வளவு இறுக்கம் என்று அளந்து திருகும் டார்க் ரெஞ்ச், சரிபார்த்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால் வேண்டாம். கரண்ட் வேலைக்கு உறை வெடித்த குறடு வேண்டவே வேண்டாம். தலை காளானாகப் பரந்த உளியை அப்படியே அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணுக்கு ஆபத்து. ஓரத்தை அரைத்த பிறகே தொடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 10-11, 12-13, 14-15 ரிங் ஸ்பானர்கள், ஒரு எட்டு இன்ச் குறடு, ஒரு பந்துத்தலை சுத்தியல் இவற்றோடு தொடங்கினால் போதும். புல்லட்டோ பழைய இன்ஜினோ இருந்தால் மட்டும் விட்வொர்த் பக்கம் போங்கள். என் செட்டில் 3/16 டபிள்யூ ரிங் இன்னும் கிடைக்கவில்லை. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் பழைய இன்ஜின் மெக்கானிக் பெட்டி ஏதாவது எடைக்கு வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.