விமானத்தின் ரேடாரும் முன்னே சென்றவரின் அறிக்கையும்

பறக்கும்போது முன்னால் உள்ள வானிலையை அறிய விமானிக்கு விமானத்தின் மூக்கில் உள்ள வானிலை ரேடாரும், அதே பாதையில் முன்னே சென்ற விமானி வானொலியில் தரும் அறிக்கையும் உதவுகின்றன.

மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளை ரேடார் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் திரையில் உடனுக்குடன் காட்டுவதால், இடிமேகத்தைச் சுற்றிச் செல்ல அதுவே முதன்மைத் துணை. ஆனால் கடும் மழை அலைகளை விழுங்கிவிடும்போது அதற்குப் பின்னால் உள்ள பகுதி வெறுமையாகத் தெரியும். அதைத் தெளிந்த வானம் என்று நம்புவது பேராபத்து. மேகமற்ற வானில் எழும் குலுக்கலோ ரேடாருக்குத் தெரியவே தெரியாது.

அதை உணர்ந்து சொல்ல மனிதர் வேண்டும். இடம், நேரம் ஆகியவற்றோடு "35,000 அடி, போயிங் 737, மிதமான குலுக்கல்" என ஒருவர் கட்டுப்பாட்டாளரிடம் தெரிவித்தால், பின்னால் வருபவர் வேறு உயரம் கேட்டுப் பெறலாம். விமான வகையைச் சொல்வது வெறும் சடங்கல்ல: சிறு விமானத்தைக் கடுமையாக உலுக்கும் காற்று பெரிய விமானத்தில் லேசாகவே உணரப்படலாம். அறிக்கை விரைவில் பழையதாகிவிடும் என்பதும், போக்குவரத்துக் குறைந்த பாதையில் கிடைப்பது அரிது என்பதும் அதன் குறைகள்.

இடிமேகத்துக்கு ரேடாரையும், குலுக்கலுக்கும் இறக்கையில் படியும் பனிக்கும் அறிக்கையையுமே நான் முதலில் வைப்பேன். குலுக்கலே இல்லாத உயரத்தையும் விமானிகள் மறவாமல் தெரிவிக்க வேண்டும். மாற்று உயரம் தேடுபவருக்குத் தேவைப்படுவது அந்தச் செய்திதான்.