சில்லு தேறியது, பசை தேறவில்லை

விமான வலையமைப்புக்கென்றே செய்தது என்ற விளம்பரத்துடன் வந்த ஒளியியல் டிரான்ஸ்சீவர் இது. சிலிக்கான் சில்லு ஒன்றால் தரவை ஒளியாக்கிக் கண்ணாடி இழை வழியே அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி. ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுக் கருவிகளைச் சோதிப்பது என் தொழில். விளம்பரத் தாளைவிட வெப்ப அறையைத்தான் நம்புவேன்.

சில்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமானக் கருவிகள் தரவு பரிமாறும் பழைய தர முறையான ஏரிங்க் 429 இன்றும் நொடிக்கு 100 கிலோபிட்டில் நகர்கிறது. இதுவோ சேனலுக்கு 25 ஜிகாபிட். நான்கு சேனலும் நான்கு அலைநீளங்களில் ஒரே இழையில் போகின்றன. சிலிக்கான் தானாக ஒளி தராது என்பதால் லேசருக்கு மட்டும் இண்டியம் பாஸ்பைடு துண்டைப் பதித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ரேடியோ டிரான்ஸ்மிட்டரை இயக்கினேன். பிழை விகிதம் அசையவில்லை.

ஒளியில் தரவை ஏற்றும் மாடுலேட்டர்கள் ரிங் வகை, அதாவது நுண் வளையங்கள்; சேனலுக்கு ஒன்று. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் வேலை செய்யும் அலைநீளம் ஏறத்தாழ 0.07 நானோமீட்டர் நகர்ந்துவிடும் சாதனம் அது. இழுத்துப் பிடிக்க நுண் ஹீட்டர்கள் உண்டு, பிடிக்கவும் செய்கின்றன. ஆனால் குளிரில்தான் அவை அதிகம் உழைக்க வேண்டும், மின்சாரமும் அப்போதுதான் அதிகம் செலவாகிறது. விளம்பரத் தாளில் 25 டிகிரிக்கான மின்செலவுக் கணக்கு மட்டும் இருக்கிறது. அது யாருக்கு வேண்டும்?

பெரிய ஏமாற்றம் இழை சேரும் இடம். சில்லுக்குள் அரை மைக்ரான் அகலத்தில் ஓடும் ஒளி, ஏறத்தாழ 9 மைக்ரான் உட்கருவுள்ள இழைக்குள் இறங்க வேண்டும். அந்த இணைப்பைப் பிடித்திருப்பது வெறும் பசை. மைனஸ் 55க்கும் 85க்கும் இடையே மாறி மாறிச் சுழற்றியபின் நான்கு சேனலும் ஒரே அளவில் மங்கின. ரிங் கெட்டிருந்தால் ஒரு சேனல்தான் போயிருக்கும். கனெக்டரை நுண்ணோக்கியில் பார்த்துத் துடைத்தும் பயனில்லை. பசை நகர்ந்திருக்கிறது என்பதே என் முடிவு.

தயாரிப்பாளர் வேறொன்றை உடனே அனுப்பினார், அதில் தாமதமில்லை. கூடவே, தரவு மையங்களிலிருந்து இப்படிப் புகார் வந்ததில்லை என்று ஒரு பதிலும். தரவு மையம் பறப்பதில்லையே!

குளிரூட்டிய ஏவியானிக்ஸ் அறைக்குள் வைப்பதென்றால் தாராளமாக வாங்கலாம். வால்பகுதி போல அழுத்தமும் வெப்பமும் பேணப்படாத இடத்துக்கு இப்போதைக்கு வேண்டாம். ஆர்டர் தருமுன் இழை இணைப்புக்கான வெப்பச் சுழற்சி அறிக்கையையும், கடுங்குளிரில் எடுத்த மின்செலவுக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள்.